இடுப்பளவுக் காடு

பறவைக்கு இறக்கை இருக்கிறது. வேலியோ சுவரோ பத்திரமோ அதைத் தடுப்பதில்லை. ஆனாலும் தாமரைக்கோழி குளத்து இலைகளை விட்டுத் தோப்புப் பக்கம் போவதில்லை. வானம்பாடி பொட்டல்வெளியை விட்டுக் காட்டுக்குள் நுழைவதில்லை. எங்கு வேண்டுமானாலும் போகக்கூடிய ஓர் உயிர் ஏன் ஒரே மாதிரியான இடத்தையே பிடித்துக்கொண்டு கிடக்கிறது? 'இதுதான் என் இடம்' என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஃப்ரீமாண்ட் என்று ஓர் ஊர். கணினித் துறையில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. ஊரின் மேற்கு ஓரத்தில் கயோட்டி ஹில்ஸ் என்ற பூங்காவில், சதுப்புநிலத்தின் நடுவே ஒரு மரப்பலகைப் பாதை போகிறது. இருபுறமும் ஆளுயரத்துக்குச் சம்பு, நம் ஏரிக்கரைச் சம்புவின் நெருங்கிய உறவு. சித்திரை மாதக் காலையில் அந்தப் பாதையில் அசையாமல் நின்றால், 'விச்சிட்டி-விச்சிட்டி-விச்சிட்டி' என்று ஒரு குரல் பத்தடி தூரத்திலிருந்து கேட்கும். அவ்வளவு பக்கம், அவ்வளவு உரக்க. கண்ணுக்கு மட்டும் ஒன்றும் தட்டுப்படாது. காத்திருந்தால், ஒரு தாள் லேசாக ஆடும். அதன் நடுவிலிருந்து ஒரு தலை எட்டிப்பார்க்கும். கண்ணைச் சுற்றிக் கறுப்பாக ஒரு முகமூடி, அதன் மேல்விளிம்பில் சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல் வெளிர்சாம்பல் பட்டை, கழுத்தில் பழுத்த எலுமிச்சை மஞ்சள். 'செக்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே இறங்கிவிடும்.

ஆங்கிலத்தில் இதற்கு 'காமன் யெல்லோத்ரோட்' என்று பெயர். நாம் மஞ்சள்தொண்டை என்றே சொல்லிக்கொள்வோம். சம்பு முடியும் இடத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் வெட்டிவிட்ட புல்வெளி, உயரமான மரங்கள், உட்கார மேசைகள். நாள் முழுக்கக் காத்திருந்தாலும் அங்கே ஒரு மஞ்சள்தொண்டை இறங்காது.

இதுவரை புதிர் எளிது: இது சதுப்புநிலப் பறவை, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் பறவைக் கையேட்டைப் புரட்டினால் அந்தப் பதில் உடைந்துவிடுகிறது. மஞ்சள்தொண்டை வாழும் இடங்கள் என்று அதில் வருவன: நன்னீர்ச் சதுப்பு, உப்புச் சதுப்பு, ஓடைக்கரை, கைவிட்ட வயல், வேலியோரப் புதர், மரம் வெட்டி நாலைந்து ஆண்டான காட்டுத் திட்டு, உயர் மின்கம்பிகளுக்குக் கீழே ஓடும் புதர்ப்பட்டை. ஈரமும் உண்டு, காய்ந்ததும் உண்டு. உப்பும் உண்டு, நன்னீரும் உண்டு. அலாஸ்காவின் தென்கிழக்கு மூலையிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை, கீழே மெக்சிகோ வரை இது கூடு கட்டுகிறது. இத்தனை வகை நிலத்திலும் வாழத் தெரிந்த பறவைக்குப் பக்கத்துப் புல்வெளியில் வாழத் தெரியவில்லை. இந்த நிலங்களுக்குள் பொதுவாக இருப்பது என்ன?

ஒன்பது கிராம் உயிர்

முதலில் பறவையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நம்மிடம் முன்பு புழங்கிய, கனத்த ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை 9 கிராம். மஞ்சள்தொண்டையின் எடையும் ஏறக்குறைய அதுதான். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 11 முதல் 13 சென்டிமீட்டர். முதுகு ஆலிவ் பச்சை. ஆணுக்குத்தான் முகமூடி, பெண் முகமூடி இல்லாமல், மங்கிய மஞ்சள் தொண்டையோடு, இலைச்சருகின் நிறத்தில் இருக்கும்.

இதன் அறிவியல் பெயரின் முன்பாதி ஜியோத்லிப்பிஸ். 'ஜியோ' என்றால் மண். மண்ணை ஒட்டித் திரியும் சிறு பறவை என்று பொருள் கொள்ளலாம். புதிய உலகப் பறவைகளில் முதன்முதலாக அறிவியல் ஏட்டில் ஏறியவற்றுள் இதுவும் ஒன்று: மேரிலாந்திலிருந்து போன மாதிரியை வைத்து 1766-இல் லின்னேயஸ் பெயரிட்டார். அமெரிக்காவில் இந்தக் குடும்பத்தை 'வார்ப்ளர்' என்கிறார்கள். நம் ஊரில் கதிர்க்குருவிகளையும் அதே சொல்லால் ஆங்கிலத்தில் அழைத்ததுண்டு. இரண்டுக்கும் உறவு கிடையாது. குடியேறிய ஐரோப்பியர் தங்கள் ஊர்ப் பறவையின் பெயரைச் சாயலைப் பார்த்து ஒட்டிவிட்டார்கள். உறவு இல்லாவிட்டாலும், நெல்வயல் வரப்பிலும் ஏரிக்கரைக் கோரையிலும் வாலைத் தூக்கிக்கொண்டு தாவும் கதிர்க்குருவியைப் பார்த்தவருக்கு மஞ்சள்தொண்டையின் நடமாட்டம் சட்டென்று பிடிபடும். ஒரே மாதிரியான இடம் இரு வேறு குலங்களில் பிறந்த பறவைகளை ஒரே மாதிரி நடக்க வைத்திருக்கிறது.

இந்தப் பறவையின் பிழைப்பு முழுவதும் தரையிலிருந்து நம் இடுப்பு, மிஞ்சினால் தோள் உயரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் புழு, சிலந்தி, வண்டு, சிறு பூச்சிகளைப் பொறுக்கித் தின்கிறது. கூடு தரையிலோ தரையை ஒட்டியோ இருக்கும். கோரைத் தாள்களைத் தூணாக வைத்து, காய்ந்த புல்லையும் சருகையும் பின்னி, பெண் பறவை தனியாக நாலைந்து நாளில் கட்டி முடிக்கும் ஒரு கிண்ணம் அது. சிலவற்றில் மேலே பாதிக் கூரையும் இருக்கும். பெரும்பாலும் நாலு முட்டை. பன்னிரண்டு நாள் அடைகாப்பு, அதன்பின் இரண்டு வாரத்துக்குள் குஞ்சுகள் வெளியேறிவிடும்.

கூட்டுக்கு இரை கொண்டுபோகும் பறவையைக் கவனித்தால் ஒன்று தெரியும். அது ஒருநாளும் நேராகக் கூட்டுக்குப் பறந்து போகாது. சற்றுத் தள்ளிப் புதருக்குள் இறங்கி, தண்டு தண்டாக உள்ளேயே ஊர்ந்து கூட்டை அடையும். திரும்பும்போது வேறொரு வழியாக வெளியே வரும். பாம்பு, எலி, ரக்கூன் எல்லாம் தேடித் திரியும் உயரத்தில்தான் அந்தக் கூடு இருக்கிறது. காக்கைக் கூட்டில் குயில் செய்யும் வேலையை அங்கே செய்யும் கௌபேர்ட் என்ற பறவை வேறு, யார் எங்கே போகிறார்கள் என்று கிளைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். பூட்டு இல்லாத வீட்டுக்கு வழி மறைவதுதான் காவல். வழியை மறைக்க அடர்த்தி வேண்டும்.

அந்த அடர்த்திக்குள் இரண்டு முழம் தள்ளி என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால்தான் உடம்புக்கு மீறிய குரல். அதனால்தான், எதிர்ப்பட்ட மறுகணம் யாரென்று தெரியும்படி முகத்தில் அப்படியொரு எழுத்து என்று எனக்குத் தோன்றுகிறது. முகமூடியைப் பற்றி வியப்பான ஒரு செய்தி உண்டு. விஸ்கான்சினில் பீட்டர் டன், லிண்டா விட்டிங்காம் என்ற இரு ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் இப்பறவைகளைப் பின்தொடர்ந்தார்கள். அங்கே பெண்கள் பெரிய முகமூடி உள்ள ஆண்களை நாடின. நியூயார்க் மாநிலத்தில் கோரி ஃப்ரீமன்-காலன்ட் இதே கேள்வியைக் கேட்டபோது, அங்கத்திய பெண்களின் கண் முகமூடியில் இல்லை, தொண்டையின் மஞ்சளில் இருந்தது. ஒரே பறவை, ஒரே மாதிரியான புதர், ஆனால் அழகுக்கு இரண்டு ஊரில் இரண்டு அளவுகோல். ஏன் இப்படி என்ற கதை இன்னும் முழுதாக அவிழவில்லை.

வாழிடமும் பிழைப்பிடமும்

கலிஃபோர்னியாவில் ஜோசப் கிரின்னல் என்றொரு விலங்கியலாளர் இருந்தார். 1908-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பி அருங்காட்சியகம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர். அதற்கு முன்பே, 1901-இல், சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள மஞ்சள்தொண்டைகள் மற்றவற்றைவிடக் கருத்தவை என்று கண்டு அவற்றுக்குத் தனிக் கிளையினப் பெயர் கொடுத்திருந்தார். கயோட்டி ஹில்ஸில் நமக்கு எட்டிப்பார்த்தது அந்தக் கிளையினம்தான்.

கிரின்னலின் பெயர் இன்று பாடநூல்களில் நிற்பது வேறொரு பறவையால். 1917-இல் கலிஃபோர்னியா திராஷர் என்ற வளைமூக்குப் பறவையைப் பற்றி எழுதிய கட்டுரையில், 'நிச்' என்ற சொல்லை அவர் சூழலியலுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். இதற்குத் தமிழில் பிழைப்பிடம் என்ற சொல்லை இங்கே கையாள்கிறேன். வாழிடம் என்பது ஓர் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்குப் பதில். பிழைப்பிடம் என்பது அந்த இடத்தில் அது எதைத் தின்று, எங்கே ஒளிந்து, யாருக்குப் பயந்து, எப்படிக் காலம் தள்ளுகிறது என்பதற்குப் பதில். திராஷரின் குட்டை இறக்கையும் மண் கிளறும் அலகும் மங்கிய நிறமும் அடர்ந்த சப்பரல் புதருக்குள் ஓடிப் பிழைக்கும் வாழ்வோடு எப்படிப் பூட்டும் சாவியுமாகப் பொருந்துகின்றன என்று கிரின்னல் காட்டினார்.

வாழிடம் ஒன்றே ஆனாலும் பிழைப்பிடம் பலவாக இருக்கலாம் என்பதை 1958-இல் ராபர்ட் மக்ஆர்தர் நிறுவினார். அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் ஒரே ஸ்ப்ரூஸ் மரத்தில் ஐந்து வகை வார்ப்ளர்கள் இரை தேடின. ஒன்று உச்சியில், ஒன்று நடுக்கிளையின் நுனியில், ஒன்று அடிப்பக்கத்தில் என்று மரத்தை அவை தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொண்டிருந்தன. மஞ்சள்தொண்டை அந்தப் பாகப்பிரிவினையில் சேரவில்லை. அதன் உறவினர்கள் மரத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தபோது, அது மரமே இல்லாத இடத்தின் தரைத்தளத்தை எடுத்துக்கொண்டது.

பறவை பார்ப்பது எதை?

இனி நம் புதிருக்கு வரலாம். சம்பு, கோரை, முள்ளுச்செடி, காட்டுப்பழப் புதர், வெட்டிய மரத்தின் மறுதுளிர். செடியின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. பெயர்களை மறந்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிழலுருவத்தை மட்டும் பாருங்கள். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை தாளும் தண்டும் இலையும் நெருக்கி நிற்கின்றன. அதற்குமேல் திறந்த வானம், வெயில் தாராளமாக இறங்குகிறது. ஆங்காங்கே பாடுவதற்கு ஏறி நிற்கக் கொஞ்சம் உயர்ந்த ஒரு தண்டு. இந்த உருவம் எல்லா இடத்திலும் ஒன்றேதான்.

1971-இல் ஃபிரான்சஸ் ஜேம்ஸ் என்ற சூழலியலாளர் இந்த எண்ணத்துக்கு உறுதியான அடித்தளம் போட்டார். ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 46 வகைப் பறவைகளின் இடங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண் பறவையும் பாடிய இடத்தைச் சுற்றி மரம் எத்தனை, எவ்வளவு பருமன், மேற்கவிகை எவ்வளவு மூடியிருக்கிறது, புதர் எவ்வளவு அடர்த்தி என்று அளந்தார். ஒவ்வொரு பறவைக்கும் தாவரங்களின் ஒரு தனி உருவ அமைப்பு இருப்பது தெரிந்தது. அந்த உருவத்தை அறியும் திறன் பறவைக்குப் பிறவியிலேயே ஓரளவு வாய்த்திருக்கிறது என்பது அவர் கருத்து. நாம் ஒருவரின் முகத்தை மூக்கு இத்தனை அங்குலம், நெற்றி இத்தனை அங்குலம் என்று அளந்தா அடையாளம் காண்கிறோம்? மொத்தமாகப் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. பறவைக்கு இடமும் அப்படித்தான் தெரிகிறது.

ஒன்பது கிராம் பறவைக்கு இது மிகச் சிக்கனமான வழி. வசந்தத்தில் தெற்கிலிருந்து பறந்துவந்து இறங்கும் நேரத்தில் புழுக்கள் இன்னும் முழுதாகப் பொரித்திருக்காது. ஜூனில் இங்கே எவ்வளவு இரை கிடைக்கும் என்று ஏப்ரலில் எண்ணிப்பார்க்க வழியில்லை. ஆனால் அடர்ந்து வெயில் விழும் புதர் இருந்தால் பின்னாளில் பூச்சியும் இருக்கும், கூட்டுக்கு மறைவும் இருக்கும். ஆயிரக்கணக்கான தலைமுறைகளாக இது பொய்த்ததில்லை. உருவத்தை நம்பி இறங்கியவற்றின் குஞ்சுகள் பிழைத்தன, அவை அதே உருவத்தை நம்பின.

ஒரே மலைச்சரிவு, 230 ஆண்டுகள்

உருவம்தான் வீடு என்றால், அதில் ஒரு பெரிய வில்லங்கம் இருக்கிறது. உருவம் நிலைப்பதில்லை. இதை விளங்கிக்கொள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பீட்டர்ஷாம் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1907-இல் அங்கே ஓர் ஆய்வுக்காட்டை நிறுவியது. அதன் ஃபிஷர் அருங்காட்சியகத்தில் 1930-களில் செய்யப்பட்ட கண்ணாடிப்பெட்டிக் காட்சிகள் வரிசையாக இருக்கின்றன. செப்புக்கம்பியை முறுக்கி ஒவ்வொரு மரமாகச் செய்திருக்கிறார்கள். முதல் ஏழு காட்சிகளும் ஒரே மலைச்சரிவு. ஆண்டு மட்டும் மாறிக்கொண்டே போகிறது. அந்தப் பெட்டிகளில் மஞ்சள்தொண்டை கிடையாது. நாம் கையில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியிலும் எங்கே வைக்கலாம் என்று பார்ப்போம்.

1700. ஐரோப்பியக் குடியேற்றம் அந்தச் சரிவை எட்டவில்லை. வானளாவிய காடு. தரையில் நிழலும் சருகும். பறவையை வைக்க இடமில்லை. எங்காவது கிழட்டு மரம் சாய்ந்து வெயில் விழுந்த ஓர் ஓட்டையில் வேண்டுமானால் வைக்கலாம்.

1740. ஒரு குடும்பம் வந்து கொஞ்சம் காட்டை வெட்டி வீடு கட்டியிருக்கிறது. அடிமரங்களுக்கு இடையே பயிர். வெட்டவெளிக்கும் காட்டுக்கும் இடையே முளைத்த ஓரப் புதரில் ஒரு ஜோடி தங்கலாம்.

1830. வேளாண்மையின் உச்சம். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளியும் வயலும் கற்சுவரும். மரமே இல்லை, வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆடுமாடு மேய்ந்த புல் கணுக்கால் உயரத்தைத் தாண்டவில்லை. பறவையின் வீடு சுவரோரத்து முள்ளுச்செடியாகவும் ஈரமான வாய்க்கால் கரையாகவும் சுருங்கிவிட்டது.

1850. இந்தப் பெட்டியில்தான் கதை திரும்புகிறது. 1825-இல் ஈரி கால்வாய் திறந்தபின், மேற்கே கல்லில்லாத வளமான மண் கைக்கெட்டியது. இரயில் வந்தது, ஆலை நகரங்கள் கூலி கொடுத்தன. கல்லோடு மல்லாடிய உழவர்கள் கொட்டகையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். மேய்ச்சல் நின்ற நிலத்தில் களை எழுந்தது, அதன்பின் முட்பழப் புதர், அதற்கு நடுவே காற்றில் வந்து விழுந்த வெள்ளைப் பைன் விதையின் கன்றுகள். சரிவு முழுக்க இடுப்பளவுக் காடு. ஊரார் கண்ணுக்கு அது பாழ்நிலம். மஞ்சள்தொண்டைக்கு அந்தச் சரிவில் அதுபோல் ஒரு பொற்காலம் அதற்குமுன் வந்திருக்காது. எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

1910. பைன் கன்றுகள் ஓங்கி, ஒன்றோடொன்று கிளை கோத்து, தரையை எப்போதோ இருட்டாக்கிவிட்டன. பறவை போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். இப்போது பெட்டி செய்யும் ஆலைகளுக்காக அந்தப் பைன் மரங்களை மொத்தமாக வெட்டிச் சாய்க்கிறார்கள்.

1915. வெட்டி ஐந்தே ஆண்டு. அடிக்கட்டைகளிலிருந்து ஓக், மேப்பிள் துளிர்கள் கற்றை கற்றையாய்ப் பொங்கியிருக்கின்றன. உயரம்? இடுப்பு, தோள். பறவை திரும்பி வந்துவிட்டது.

1930. துளிர்கள் இளங்காடாகிவிட்டன. மறுபடியும் நிழல். மறுபடியும் பறவை இல்லை.

ஓர் இடத்தில் தாவரக் கூட்டம் ஒன்றையடுத்து ஒன்றாக மாறிக்கொண்டு போவதைத் தாவர வழிமுறை வளர்ச்சி என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். பாடத்தில் அது புல்லில் தொடங்கிப் பெருங்காட்டில் முடியும் ஏணி. கடைசிப் படிதான் பெருமை, நடுப்படிகள் போகிற வழி. மஞ்சள்தொண்டையின் பக்கம் நின்று பார்த்தால் நடுப்படிதான் வீடு. அந்த மலைச்சரிவு நகரவில்லை, அதன் வயது நகர்ந்தது. பறவை குடியிருந்தது சரிவில் அல்ல, சரிவின் ஒரு வயதில். அந்த வயது பத்து இருபது ஆண்டுக்குமேல் நீடிப்பதில்லை. ஆகவே இந்தப் பறவைக்குத் தேவையானது ஒரு புதர் அல்ல. ஒரு புதர் காடாகி மூடும்போது, பறந்து எட்டும் தூரத்தில் இன்னொரு புதர் பிறந்திருக்க வேண்டும்.

மனிதர் கோடரியோடு வருவதற்கு முன் இந்த வேலையைச் செய்தது யார்? புயல், தீ, ஆற்று வெள்ளம், எல்லாவற்றுக்கும் மேலாக நீரெலி. நீரெலி என்று தமிழில் சொன்னால் சிறியதாகத் தோன்றும். பீவர் என்ற அந்தக் கொறிவிலங்கு இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஓடையை மறித்து அணை கட்டும், சுற்றியுள்ள மரங்களை வெட்டித் தின்னும். தீனி தீர்ந்ததும் இடம் பெயரும். பராமரிப்பு இல்லாத அணை உடையும், குளம் வடியும், வண்டலில் கோரை முளைக்கும், பின் வில்லோப் புதர். பீவர் விட்டுப்போன அந்த ஈரவெளிகள் பல பத்தாண்டுகள் காடாகாமலே கிடக்கும். ஆண்டுக்கணக்கில் நீரில் ஊறிய மண்ணில், ஸ்ப்ரூஸ் வேரோடு கூட்டுச்சேர்ந்து வாழும் பூஞ்சைகள் அழிந்துவிடுவதும் ஒரு காரணம். தோலுக்காக வேட்டையாடி, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மாசசூசெட்ஸில் பீவரைத் துடைத்துவிட்டார்கள். 1928-இல்தான் அம்மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் அது மீண்டும் தலைகாட்டியது.

மின்கம்பிகளுக்குக் கீழே

இன்று அமெரிக்காவின் வடகிழக்கில் புதர்ப்பறவை பார்க்க வேண்டும் என்றால் விவரம் தெரிந்தவர்கள் உயர் மின்கோபுரங்களுக்குக் கீழே போகிறார்கள். கம்பியில் உரசாமல் இருக்க மின்நிறுவனங்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை மரங்களை மட்டும் அகற்றிவிடுகின்றன. குட்டைப் புதர்கள் தப்பிவிடுகின்றன. காட்டைக் கிழித்துக்கொண்டு மைல் கணக்கில் ஓடும் அந்தப் பட்டையில் தாவரங்களின் வயது ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பறவைக்காக யாரும் அதைச் செய்யவில்லை. இருந்தும் பீவர் விட்ட வேலையில் ஒரு பகுதியை அது செய்கிறது.

மஞ்சள்தொண்டை அருகிவிட்ட பறவை அல்ல. ஏழு கோடிக்கு மேல் இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஆனால் 1966 முதல் வட அமெரிக்காவில் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலர்கள் விடியற்காலையில் குறித்த சாலையில் 50 இடங்களில் வண்டியை நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் மூன்று நிமிடம் கேட்டதையும் பார்த்ததையும் எழுதிக்கொள்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலான அந்த ஏடுகளின்படி மஞ்சள்தொண்டைகள் ஏறக்குறைய கால்பங்கு குறைந்திருக்கின்றன. இரவில் வலசை போகும்போது ஒளிவிளக்குக் கோபுரங்களிலும் கண்ணாடிக் கட்டடங்களிலும் மோதி இறக்கும் பறவைகளில் இதன் பெயர் அடிக்கடி வருகிறது. ஆனாலும் எனக்குக் கவலை தருவது மோதல்களைவிட, சத்தமில்லாமல் நடக்கும் இன்னொன்று: ஈரம் வடிக்கப்படுகிறது, வரப்பு ஒழுங்காக்கப்படுகிறது, ஓரம் சுத்தமாக்கப்படுகிறது. பாழ் என்று பெயர் வாங்கிய நிலத்துக்கு வக்காலத்து வாங்க ஆள் கிடைப்பதில்லை.

போக்கிடம் இல்லாத உறவினர்கள்

ஒரு புதர் போனால் அடுத்த புதர் என்று சாதாரண மஞ்சள்தொண்டை சமாளித்துக்கொள்கிறது. அடுத்தது என்று ஒன்று இல்லாத உறவினர்களின் நிலை வேறு.

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பம் பெரும்பாலும் பாலை. அதன் நடுவே ஊற்றுநீர் கசியும் சில பசுந்திட்டுகள், சான் இக்னாசியோ போல, சான் ஹோசே டெல் காபோவின் கழிமுகம் போல. பெல்டிங் மஞ்சள்தொண்டை என்ற இனம் அந்தத் திட்டுகளின் நாணலிலும் சம்பிலும் மட்டுமே வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் சாதாரண மஞ்சள்தொண்டைகளும் அங்கே ஒதுங்கும், வசந்தத்தில் கிளம்பிப் போய்விடும். பெல்டிங்குக்கு அப்படிக் கிளம்பிப் போக இடமில்லை. சுற்றிலும் கள்ளியும் மணலும். ஒரு திட்டில் நாணலை எரித்தாலோ ஊற்றை உறிஞ்சினாலோ, அந்தத் திட்டின் பறவைகளுக்கு அதுவே உலகத்தின் முடிவு.

மெக்சிகோ நகரத்துக்கு மேற்கே, கடல்மட்டத்துக்கு 2,500 மீட்டருக்கு மேல், லெர்மா சதுப்புகள். கருந்தலை மஞ்சள்தொண்டை என்ற இனம் வாழும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. பெருகிவந்த தலைநகரத்தின் தாகத்துக்காக லெர்மாவின் நீரைக் குழாய்வழி மலையைத் துளைத்துக் கொண்டுபோனார்கள். 1951-இல் நீர் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டாட, சபுல்தெபெக் பூங்காவின் நீர்த்தொட்டிக்குள்ளேயே ஓவியர் தியேகோ ரிவேரா சுவரோவியம் வரைந்தார். தண்ணீரே உயிரின் தோற்றுவாய் என்பது அதன் பொருள். நுண்ணுயிரிலிருந்து மனிதன்வரை அதில் இருக்கிறார்கள். குழாயின் மறுமுனையில் சதுப்பு வற்றிச் சுருங்கியது. அந்த வட்டாரச் சதுப்புகளுக்கே உரிய மெல்லலகு கிராக்கிள் என்ற கரும்பறவை அதற்கும் முன்பே, 1910-க்குப் பிறகு காணக் கிடைக்காமல் அழிந்திருந்தது. கருந்தலை மஞ்சள்தொண்டை எஞ்சிய கோரையில் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது.

உப்பளத்துக்குள் வரும் கடல்

ஃப்ரீமாண்டின் மரப்பலகைப் பாதைக்குத் திரும்புவோம். கிரின்னல் பெயரிட்ட கிளையினம் நன்னீர்ச் சதுப்பிலும் அரையுப்புச் சதுப்பிலும் கூடு கட்டி, குளிர்காலத்தில் பெருமளவு உப்புச் சதுப்புகளுக்கு நகர்கிறது. அதற்கு இரண்டும் வேண்டும், இரண்டும் அருகருகே வேண்டும். அப்பகுதியின் பூர்வகுடிகளான ஓலோனி மக்கள் கோரையால் குடிசையும் படகும் கட்டிய காலத்தில் விரிகுடாவைச் சுற்றி அப்படித்தான் இருந்தது. அதன்பின் வந்தவர்கள் கரையெழுப்பி உப்பளமாகவும் வயலாகவும் ஊராகவும் மாற்றினார்கள். அலை ஏறி இறங்கும் சதுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் போய்விட்டது.

2003-இல் விரிகுடாவின் தென்பகுதியில் 15,100 ஏக்கர் உப்பளங்கள் ஓர் உப்பு நிறுவனத்திடமிருந்து அரசுடைமைக்கு வந்தன. அவற்றை மீண்டும் சதுப்பாக்கும் வேலை அன்று தொடங்கி இன்றும் நடக்கிறது. செய்முறை கேட்க எளிது. 2006 மார்ச்சில் அல்விசோ அருகே மூன்று பாத்திகளின் கரையை இயந்திரத்தால் வெட்டிவிட்டார்கள். பல பத்தாண்டுகளாக வெளியே நின்ற கடல் உள்ளே வந்தது. நாளுக்கு இரண்டு முறை அலை ஏறும்போது கலங்கல் நீர் வரும், தேங்கும்போது வண்டல் படியும், வடியும்போது தெளிந்த நீர் போகும். நடவு எதுவும் தேவையில்லை. வண்டல் போதுமான உயரம் வந்ததும், அலையில் மிதந்துவந்த விதைகள் வேர்பிடிக்கின்றன. முதலில் உவர்ச்செடிகளும் உப்புக்கோரையும், பின்னர் நன்னீர் கலக்கும் வாய்க்கால் முகங்களில் உயர்ந்த கோரையும் சம்பும்.

மஞ்சள்தொண்டை இந்த வரிசையில் கடைசியில்தான் வரும். வெட்டிய கரையில் நின்று பார்ப்பவருக்குப் பல ஆண்டுகள் சேறுதான் தெரியும். சேற்றில் உள்ளான்கள் மேயும். பிறகு கணுக்கால் உயரத்துக்குப் பச்சை, பிறகு முழங்கால் உயரம். தாள்கள் நெருங்கி இடுப்பைத் தொடும் ஒரு வசந்தத்தில், பக்கத்துச் சதுப்பில் முந்தின ஆண்டு பிறந்து இன்னும் இடம் பிடிக்காத ஓர் இளம் ஆண், இரவெல்லாம் பறந்தோ, வாய்க்காலோரமாகத் தாவித் தாவியோ அங்கே வந்து சேரும். உள்ளே இறங்கித் தண்டுகளுக்கிடையே ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு இருப்பதில் உயரமான தாளைத் தேர்ந்து ஏறி, அது வளைந்து ஆட, கால்களை அகட்டிப் பிடித்துக்கொண்டு முதல் விச்சிட்டியைச் சொல்லும்.